ஆர்ன்மூர் கோட்டையை நான் வென்ற கதை

4 பிப்ரவரி 2001, ஞாயிறு

காலையில் வால்டர் வந்திருந்தார். எங்கள் ஃபாக்டரி ஸ்டோர்ஸில் இருந்தவர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு இப்போது ராபர்ட்சன்பேட்டை கடைவீதியில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறார். எங்கள் கிளப்புக்கும் அவர்தான் செயலாளர். யுகாதிக்கு முந்தின நாள் கிளப்பில் கம்ப்யூட்டர் விழாவாம். ஆண்டு மலரும் வரப்போகிறதாம். அதில் நான் ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்றார்.

"சார், இந்த குவார்ட்டர்ஸ்லயே மொதல்ல வூட்ல கம்ப்யூட்டர் வச்சது நீங்கதான். அந்தக் கோட்டை கேம முடிச்ச ஒரே ஆளும் நீங்கதான். அத எழுதுங்க. விழாவுல எல்லார் முன்னாடியும் ஒருவாட்டி ஆடியும் காட்டிடுங்க."

மறுப்பதுதான் அழகு என்று மறுத்தேன். வால்டர் இரண்டாவது முறை வற்புறுத்தக் கொஞ்சம் தாமதித்ததால் நானே ஒப்புக்கொண்டேன்.

பார்வதி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, "இன்னா எழுதப் போறீங்க?" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து இந்த "இன்னா"வை "என்ன" ஆக்கப் பார்க்கிறேன். அவள் இந்த ஊரின் ஸ்கெலட்டன் என்கிற சுரங்கத் தொழிலாளர் லைனில் பிறந்து வளர்ந்தவள். அப்பாவும் தாத்தாவும் தங்கச் சுரங்கத்தில் இருந்தவர்கள். நான் திருச்சியிலிருந்து ஃபாக்டரி வேலைக்காக வந்தவன். "உனக்குப் புரியாது" என்றேன். அன்பாகத்தான்.

6 பிப்ரவரி

எழுத உட்கார்ந்தேன். தலைப்பு வந்துவிட்டது: ஆர்ன்மூர் கோட்டையை நான் வென்ற கதை. கீழே ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போட்டேன். நான் சீனியர் டிராஃப்ட்ஸ்மேன். கோடு நேராக இருந்தால்தான் எனக்குச் சிந்தனை வரும். இன்று கோடு வரைக்கும் வந்தது.

11 பிப்ரவரி, ஞாயிறு

இன்று பழையதை எல்லாம் நினைத்துப் பார்த்தேன்.

தொண்ணூற்று நான்கில் ஃபாக்டரியில் சில பழைய கம்ப்யூட்டர்களைக் கழித்துக்கட்டினார்கள். ஒன்றை நான் எடுத்துவந்தேன். யார் போட்டு வைத்ததோ, அதற்குள் இந்த ஒரு விளையாட்டு கிடந்தது. திரையில் மேலே படம், கீழே ஒரு வரி. அந்த வரியில் ஆங்கிலத்தில் கட்டளை தட்ட வேண்டும். 'கதவைத் திற', 'விளக்கை எடு' என்கிற மாதிரி இரண்டே சொல். நாம் ஒரு நாடோடி. ஆர்ன்மூர் என்ற நாட்டில் மணிகள் எல்லாம் ஊமையாகிவிட்டன. காட்டைக் கடந்து, ஆற்றைக் கடந்து, கோட்டைக்குள் போய் அவற்றைப் பேசவைக்க வேண்டும்.

மொத்தம் பதினாறு நிறம்தான். ஆனால் அந்தக் காட்டைவிட்டு வெளியே வந்ததும் கோட்டைக்கு மேலே ஒரு நீல நிலா எழும்பும். உள்ளே இருந்த சின்ன ஸ்பீக்கர் கீச்சுக் கீச்சென்று ஒரு ராகம் வாசிக்கும். முதல் தடவை அதைப் பார்த்தபோது நான் தட்டுவதை நிறுத்திவிட்டேன். வெளியே சுரங்கக் கழிவு மண் குவிந்த டெய்லிங்ஸ் மேட்டிலிருந்து தூசி பறந்துகொண்டிருந்தது. உள்ளே நீல நிலா. அப்படி ஒன்றை அதற்கு முன் எங்கள் வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

கோட்டை வாசலில் ஒரு ராட்சசன். அவன்தான் சிக்கல். வெட்டு, குத்து, தள்ளு, மிரட்டு – எல்லாம் தட்டினேன். ஒவ்வொன்றுக்கும் அவன் என்னைத் தூக்கி அகழியில் போட்டான். 'ராட்சசன் உன்னை ஒரு பொருட்டாக மதிக்கவில்லை' என்று கீழே வரும். டிசைன் செக்‌ஷனில் எங்கள் தலைமை என்னிடம் நடந்துகொள்வதும் ஏறக்குறைய அதுதான் என்பதால் நான் மனம் தளரவில்லை. ஒரு நிமிஷம் விடாமல் தட்டினேன். ஒரு வருஷம் எல்லா ஞாயிற்றுக்கிழமையும் தட்டினேன்.

முடித்தேனா? நான் முடித்ததாக எங்கேயும் சொன்னதில்லை. கிளப்பில் யாரோ, "முடிச்சிட்டீங்களா சார்?" என்று கேட்டார்கள். நான் லேசாகச் சிரித்தேன். மற்றதை அவர்களே சொல்லிக்கொண்டார்கள். அதை மறுத்தால் அவர்களைப் பொய்யர்கள் ஆக்கினதாகாதா?

14 பிப்ரவரி

காடு முடிந்தது. ஆறு முடிந்தது. இப்போது கட்டுரையும் கோட்டை வாசலில் வந்து நிற்கிறது.

18 பிப்ரவரி, ஞாயிறு

கற்பனை என்பது வெட்கப்படவேண்டிய விஷயம் அல்ல. கோட்டைக்குள் ஒரு நாகத்தை வைத்தேன். பன்னிரண்டு தலை. ஒரு இளவரசியும் வேண்டும். கோபுரத்தில் எல்லோரும் வைப்பார்கள் என்பதால் மாடிப்படிக்கு அடியில் வைத்தேன். கடைசியில் அரசன் என் தோளைத் தட்டி, பொறியாளர்கள்தான் நாட்டின் முதுகெலும்பு என்கிறான்.

படியெடுக்கப் பார்வதியிடம் கொடுத்தேன். அவள் கையெழுத்து குண்டு குண்டாக, அச்சுக்கு ஏற்றதாக இருக்கும். பி.யு.சி. முடித்து டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணியவள். பாதியில் நிறுத்தி, "நாகமா?" என்றாள்.

"ஆமாம்."

"எத்தினி தல?"

"பன்னிரண்டு. எழுதியிருக்கே."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குனிந்து எழுத ஆரம்பித்தாள். நல்ல எழுத்தின் முன் சாதாரண ஜனங்கள் அப்படித்தான் வாயடைத்துப் போவார்கள்.

1 மார்ச், வியாழன்

சுரங்கம் நேற்றோடு நின்றுவிட்டது. ஊர் முழுக்க அதே பேச்சு. பார்வதியின் தம்பி ஜெயகரன் சாயங்காலம் வந்தான். பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தவன். வாசலில் செருப்பை விட்டுவிட்டு, வேறு யார் வீட்டுக்கோ வந்தவன் போல நின்றான்.

"உக்காருடா" என்றாள் பார்வதி.

"இன்னிக்கி எந்த ஷிப்டுன்னு காலையில எந்திரிச்சி யோசிச்சேன்கா. ஒண்ணும் இல்ல."

அவளுக்கு அவனிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. என் கையெழுத்தில் இருந்த கட்டுரையை எடுத்துப் படித்துக் காட்டினேன். ஒரு மனிதன் பயங்கரமான கோட்டையை எதிர்த்து நிற்பது அவனுக்குத் தெம்பு கொடுக்கும் அல்லவா. கண்ணை மூடிக்கொண்டு ஆழ்ந்து கேட்டான்.

தூங்கினான் என்கிறாள் பார்வதி. "ரெண்டு ராத்திரியா தூங்கலியாம். அதுக்காச்சும் ஒதவிச்சே."

4 மார்ச், ஞாயிறு

வால்டர் அச்சகத்திலிருந்து புரூஃப் கொண்டுவந்தார். கையைப் பிடித்துக் குலுக்கினார். "சார், அந்தத் தூங்குமூஞ்சி ராஜா எடம் ஏ ஒன். ஆடு மணிக்கயித்த திங்கிற எடம் படிச்சி என் ஒய்ஃப் அப்பிடி சிரிச்சா."

நான் எந்த ஆட்டைப் பற்றியும் எழுதவில்லை.

லேசாகச் சிரித்துவிட்டு, அவர் போனதும் புரூஃபை எடுத்துப் படித்தேன். காடு என்னுடையது. ஆறு என்னுடையது. வாசலைத் தாண்டியதும் எல்லாம் வேறு. நாகம் இல்லை. இளவரசி இல்லை. ஒரு சமையற்காரி இருக்கிறாள். ஒரு ஆடு இருக்கிறது. ஏழு மணிகள் தொங்குகின்றன. ஏழாவது மணிக்கு நாக்கு கிடையாது. சமையற்காரியிடம் கரண்டி வாங்கி உள்ளே கட்டித் தொங்கவிட வேண்டுமாம். பொறியாளர்களைப் பற்றி அரசன் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அடுக்களைக்குப் போனேன்.

"இது என்ன?"

"நீங்க எழுதினதுல தப்பு இருந்திச்சி. திருத்திட்டேன்."

"கோட்டைக்குள்ள என்ன இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"போயிருக்கேனே" என்றாள். ராபர்ட்சன்பேட்டைக்குப் போயிருக்கேனே என்கிற மாதிரி. பிறகு குழம்பு கொதிக்கிறது, தள்ளி நில்லுங்க என்றாள்.

5 மார்ச்

மகள் படிக்கிற பெங்களூர் ஹாஸ்டலுக்குப் போன் போட்டேன். ராதிகா வந்தாள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லையோ, ஏதேதோ பேசுகிறாள், கோட்டைக்குள் போனேன் என்கிறாள் என்றேன்.

"ஆமாப்பா. நான் ஸ்கூல் விட்டு வர்ற நேரத்துக்கு அம்மா நாலாவது மணி கிட்ட இருப்பாங்க."

"உனக்குத் தெரியுமா?"

"அப்பா, நம்ம குவார்ட்டர்ஸ் லைனுக்கே தெரியும். மத்தியானம் நீங்க சாப்பிட்டுப் போனதும் கோவிந்தம்மா ஆன்ட்டி, இன்னும் நாலு ஆன்ட்டிங்க வந்துடுவாங்க. அம்மா ஆடுவாங்க, அவங்க பாப்பாங்க. எனக்குக் கடலை கிடைக்கும்."

லைனுக்கே தெரியுமாம். என்னைத் தவிர.

பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மா என்னைப் பார்த்தால் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு ஒதுங்கிப் போவாள். மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆறு வருஷமா. அது மரியாதை இல்லியா அப்போ? நான் ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம கத்தியத் தூக்கிக்கிட்டு வாசல்ல நிக்கிறேன், இவ பின்னாடி நின்னு காப்பி கொடுத்துட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி – ஒரு தடவ கூட – ஒரு வார்த்த கூட –

இன்று இதற்கு மேல் எழுத மனமில்லை.

11 மார்ச், ஞாயிறு

நிரூபி என்றேன். வாய்ப்பேச்சு யாரும் பேசலாம்.

அவள் கம்ப்யூட்டர் மேலிருந்த உறையை எடுத்து மடித்து வைத்தாள். உட்கார்ந்தாள். பத்து விரலும் ஓடின. நான் ஒரு விரலால்தான் தட்டுவேன். அது வேகத்தைவிட நிதானத்துக்கு முக்கியத்துவம் தருகிற முறை. காடு, ஆறு, நீல நிலா. ராட்சசன் வந்தான். இப்போது பார்க்கலாம் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அவள் எழுந்துவிட்டாள்.

"வாங்க."

"எங்கே?"

"காப்பி குடிக்க."

"அவன் நிக்கிறானே."

"நிக்கட்டும். வாங்க."

அடுக்களையில் நின்று காப்பி குடித்தோம். அவள் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தாள். திரையில் கோட்டை வாசல் திறந்து கிடந்தது. ராட்சசன் இல்லை. அவன் சாய்ந்து நிற்கிற தூண் மட்டும் இருந்தது. அந்தத் தூணை நான் முதல் முறையாகப் பார்க்கிறேன்.

"ஒரு நாளு கொழாயில தண்ணி வந்திச்சி. அப்பிடியே போட்டுட்டுக் கொடத்த எடுத்துனு ஓடினேன். திரும்பி வந்தா ஆளு இல்ல" என்றாள். "சும்மா வுட்டா அவனே கொட்டாவி வுட்டுகினு உள்ள பூடுவான். ஒருத்தர் எதுர்ல நின்னு தட்டிகினே இருந்தா அவன் எப்பிடிப் போவான்?"

என் வீரம்தான் அவனை அங்கே நிறுத்தி வைத்திருந்தது என்று இதற்குப் பொருள். அதை நான் உரக்கச் சொல்லவில்லை.

"ஏன் என்கிட்ட அப்பவே சொல்லல?"

"சொல்லியிருந்தா கம்ப்யூட்டர வித்திருப்பீங்க."

இது அபாண்டம். சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு எழுந்து யோசித்துப் பார்த்தேன். விற்றிருப்பேன்.

15 மார்ச்

விழா வருகிறது. பெயரைக் காப்பாற்ற வேண்டும். பார்வதியிடம் பாடம் கேட்கிறேன். கண்டிப்பான ஆசிரியை. "அவசரப்படாதீங்க", "படிச்சிப் பாருங்க, இன்னா போட்டிருக்குது?" என்று இரண்டே வாக்கியம் வைத்திருக்கிறாள். வரைபடம் வரைந்து வைத்தேன். அதை மட்டும் நன்றாக இருக்கிறது என்றாள். வெகு நேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏழாவது மணி அடித்ததும் தூங்குகிற ராஜா எழுந்து, 'நீ அரசனாகிறாயா?' என்று கேட்பானாம். 'நோ' என்று தட்ட வேண்டுமாம்.

"ஏன் நோ?"

"போடுங்க. அவ்ளோதான்."

வெற்றி பெற்றவனுக்குக் கிடைக்கிற மரியாதையை ஏன் மறுக்க வேண்டும் என்பது அவளுக்கே விளங்கவில்லை போலும்.

25 மார்ச், ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கிளப் ஹாலில் நல்ல கூட்டம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். புரொஜெக்டர் வாடகைக்கு வந்திருந்தது. என் கம்ப்யூட்டரை ஆட்டோவில் ஏற்றி, மடியில் வைத்துக் கொண்டுபோனேன். எங்கள் ஃபாக்டரி ஜி.எம். முன் வரிசையில் மாலையோடு உட்கார்ந்திருந்தார். மேடையில் நான். அந்த நீல நிலா சுவர் முழுக்க எழும்பியபோது ஹாலில் "ஆ" என்று ஒரு சத்தம் வந்தது. அதோடு விழாவை முடித்திருக்கலாம்.

ராட்சசன் வந்தான். நான் கையை எடுத்துவிட்டு அமைதியாக உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் பின்னால் யாரோ, "ஹேங்க் ஆயிட்ச்சி" என்றார்கள். வால்டர் மைக்கைப் பிடித்து, "சார் யோசிக்கிறாரு" என்றார். மேலும் கொஞ்ச நேரம் போயிற்று. இடைவெளியை வீணாக்க வேண்டாம் என்று ஜி.எம். எழுந்து பேச ஆரம்பித்துவிட்டார்.

பேச்சின் தலைப்பு, கம்ப்யூட்டர் யுகத்தில் இந்தியா. அவர் முன்னுரையை முடிப்பதற்குள் ராட்சசன் கொட்டாவி விட்டு உள்ளே போனான். மேடையில் பெரியவர் பேசும்போது நான் எப்படித் தட்டுவது? சும்மா இருந்தேன். ராட்சசன் திரும்பி வந்தான். தொழிலாளர் ஒழுக்கம் பற்றி அவர் பேசும்போது மறுபடி போனான். கூட்டம் முழுக்க ராட்சசனையே பார்த்துக்கொண்டிருந்தது. அவன் போகும்போதெல்லாம் கைதட்டினார்கள். ஜி.எம். தன் பேச்சுக்கு என்று நினைத்து நீட்டிக்கொண்டே போனார். அவர் உட்காரவும் ராட்சசன் வயிற்றைத் தடவிக்கொண்டு வெளியே வரவும் சரியாக இருந்தது.

மறுபடி காத்திருந்தேன். இந்தத் தடவை அவன் அசையவே இல்லை. அப்போது பெண்கள் பக்கமிருந்து குரல் வந்தது.

"கைய எடுங்க. கட்டைமேல வெரல வச்சிகினு இருக்கீங்க."

பார்வதி. ஹாலே திரும்பிப் பார்த்தது. நான் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில், "பூட்டான். உள்ள போங்க" என்றாள்.

போனேன். அதன் பிறகு எனக்கு எல்லாம் மறந்துபோனது. வரைபடம், மணிகளின் வரிசை, எதுவும் இல்லை. அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள், நான் ஒரு விரலால் தட்டினேன். "எடது பக்கம். மொதல் மணி. கயித்த இழுங்க." கொஞ்ச நேரத்தில் கோவிந்தம்மா, அவளுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். "சார், ஆட்ட வுட்டுட்டீங்க. ஆட்டப் புடிங்க." "சமையக்காரம்மாக்கு வணக்கம் சொல்லுங்க சார், இல்லன்னா கரண்டி குடுக்க மாட்டா." ஜி.எம். வால்டரிடம், "யாரு அந்த லேடி?" என்று கேட்டார். என் மனைவி என்று தெரிந்ததும் என்னிடம் குனிந்து, "நன்னா ட்ரெய்ன் பண்ணியிருக்கீங்க" என்றார். நான் லேசாகச் சிரித்தேன்.

ஏழாவது மணி அடித்தது. ராஜா கண்ணைத் திறந்தான். நீ அரசனாகிறாயா?

ஹாலே "யெஸ்" என்றது. ஜி.எம். "யெஸ், யெஸ்" என்றார். பார்வதி மட்டும், "நோ போடுங்க" என்றாள்.

இத்தனை பேர் முன்னால், ஒரு கோட்டையை, முதல் தடவையாக, எனக்கு ஒருவன் கொடுக்கிறான்.

யெஸ் தட்டினேன்.

ராஜா கிரீடத்தைக் கழற்றி என் தலையில் வைத்தான். ஆட்டைக் கையில் பிடித்துக்கொண்டு விசில் அடித்தபடி வாசல் வழியாக வெளியே போனான். நான் சிம்மாசனத்தில் உட்கார்ந்தேன். என் தலை மெல்லச் சாய்ந்தது. மணிகள் ஒவ்வொன்றாக ஊமையாயின. 'நீ தூங்கிப்போனாய்' என்று கீழே வந்தது. திரை இருண்டு மறுபடி அந்தக் காடு வந்தது, ஆரம்பத்திலிருந்து.

ஜி.எம். எழுந்து நின்று கைதட்டினார். ஹாலும் தட்டியது. நான் தோற்றேன் என்பது பெண்கள் வரிசையில் ஐந்தாறு பேருக்குத்தான் தெரியும். எனக்கு ஒரு சுவர்க்கடிகாரம் பரிசு கொடுத்தார்கள். நன்றியுரையில் என் ஆசிரியர்களுக்கு நன்றி சொன்னேன். பெயர் குறிப்பிட நேரமில்லை.

26 மார்ச், யுகாதி

எதிர்வீட்டுக்காரர்கள் ஒப்பட்டு, அதாவது பருப்புப் போளி, கொடுத்தனுப்பினார்கள். சாப்பிடும்போது பார்வதி கேட்டாள்.

"ஏங்க யெஸ் போட்டீங்க?"

"எல்லாரும் சொன்னாங்க."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். ஒப்பட்டைத் தட்டில் வைத்துவிட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. "அந்த ஆடு கூட உங்க கூட நிக்கல, பாத்தீங்களா" என்று சொல்லி மறுபடி சிரித்தாள். எவ்வளவோ காலமாக இவள் இப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை. துணைக்கு நானும் கொஞ்சம் சிரித்தேன். சிரிக்கச் சிரிக்க, நிஜமாகவே சிரிப்பு வந்துவிட்டது.

8 ஏப்ரல், ஞாயிறு

வால்டர் ஒரு யோசனையோடு வந்தார். பார்வதி கோயிலுக்குப் போயிருந்தாள். சுரங்கம் மூடியதிலிருந்து கோரமண்டல், ஸ்கெலட்டன் சுரங்க லைன் பக்கத்துப் பிள்ளைகள் சென்டரில் குவிகிறார்களாம். பாதி பேர் பெண்கள். தமிழில் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்க ஒரு லேடி டீச்சர் வேண்டுமாம்.

"மேடம அனுப்புவீங்களா சார்? அன்னிக்கி ஹால்ல பாத்தேனே. உக்காந்த எடத்துலேந்தே ஒரு சபைய ஓட்டினாங்க."

அவளுக்கு அதிலெல்லாம் நாட்டமில்லை என்று சொல்லி அனுப்பினேன். ஒரு சீனியர் டிராஃப்ட்ஸ்மேனின் மனைவி பஸ் ஏறிப் போய்க் கடைவீதி மாடியில் பாடம் எடுப்பதா? அவளுக்கே பிடிக்காது. கேட்டுச் சங்கடப்படுத்துவானேன்.

10 ஏப்ரல்

கோவிந்தம்மாவின் மகள் அந்தச் சென்டரில்தான் படிக்கிறாள். விஷயம் வந்துவிட்டது.

"வால்டர் சாரு என்னக் கேட்டாரா?"

"என்னைக் கேட்டார்."

"எனக்கு நாட்டமில்லன்னு சொன்னீங்களா?"

"ஊர் என்ன பேசும்னு யோசிச்சேன்."

"இன்னா பேசும்?"

அவள் காத்திருந்தாள். நிஜமாகவே பதிலுக்காகக் காத்திருந்தாள்.

"அவரு என்னப் பத்தி உங்களக் கேட்டாரு. நீங்க எனக்குப் பதிலா சொல்லிட்டீங்க. நான் எங்க இருந்தேன் இதுல?"

கத்தவில்லை. கத்தியிருந்தா நானும் கத்தியிருப்பேன். கத்தத் தெரியாதா எனக்கு? வாய்வரைக்கும் வந்துது. இப்பிடி மெதுவா கேட்டா மனுசன் என்னத்தச் சொல்றது. நான் அவ நல்லதுக்குத்தானே – இல்ல, அதுவும் முழுசா உண்மையில்ல.

13 ஏப்ரல்

பேசுகிறாள். ஆனால் இரண்டு சொல்லில். 'சாப்பாடு இருக்குது.' 'கதவ சாத்துங்க.' ராட்சசன் இருந்த இடத்தில் இப்போது நான் நிற்கிறேன் போலிருக்கிறது.

16 ஏப்ரல், திங்கள்

நான் ஷிப்டுக்குக் கிளம்பும்போது அவளும் கிளம்பி நின்றாள். விழாவுக்குக் கட்டிய அதே சேலை.

"சாவி கோவிந்தம்மா கிட்ட குடுத்துட்டுப் போறேன். வரேங்க."

என்னிடம் அனுமதி கேட்கவில்லை. எங்கே என்று நானும் கேட்கவில்லை. இருவரும் ஒரே பஸ் ஸ்டாப்புக்குத்தான் நடந்தோம், நான் கொஞ்சம் முன்னால்.

18 ஏப்ரல்

இன்று ஃபாக்டரியிலிருந்து நேராக ராபர்ட்சன்பேட்டை போனேன். வால்டரிடம் நாலு வார்த்தை கேட்டுவிட்டு அவளைக் கையோடு அழைத்து வருவது என்று தீர்மானம். பஸ்ஸில் அந்த நாலு வார்த்தையை மூன்று முறை சொல்லிப் பார்த்தேன்.

மாடிப்படி ஏறினேன். கதவு பாதி திறந்திருந்தது. வரிசையாகப் பெண் பிள்ளைகள். கடைசி மெஷினில் ஜெயகரன். வேலை போனதிலிருந்து வீட்டைவிட்டு எங்கும் போகாதவன் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவன் விரல் ஒவ்வொன்றும் இரண்டு கட்டையை அமுக்கியது. பக்கத்துப் பிள்ளை சிரித்தாள். பார்வதி அவன் பின்னால் போய் நின்றாள்.

"சிரிக்கிறவங்க மொதல்ல உங்க வரிய முடிங்க. ஜெயா, நீ பாட்டுக்கு அடி. தப்பு வந்தா அழிச்சிக்கலாம், கம்ப்யூட்டர் ஒண்ணும் சொல்லாது."

அந்தக் குரலை வீட்டில் நான் கேட்டதில்லை. உயர்த்தாமலே கடைசி வரிசை வரைக்கும் போயிற்று. அவன் அடித்தான். ஒரு வரி வந்தது. அவன் பெயர். திரையில் தன் பெயரைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் அவன் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போனாள். கதவுப் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

கீழே இறங்கி வந்தேன். மார்க்கெட்டில் திராட்சை நன்றாக இருந்தது. வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, சாதம் வைத்தேன். குழைந்துவிட்டது.

"யாரு வச்சது?" என்றாள் வந்ததும்.

"நான்தான்."

அதையே போட்டுச் சாப்பிட்டாள். திராட்சையும் சாப்பிட்டாள்.

13 மே, ஞாயிறு

மலர் இன்றுதான் வந்தது. ஜி.எம். படம் தலைகீழாக அச்சாகி, அதைத் திருத்த இவ்வளவு நாள். தாமதமும் நல்லதாயிற்று. நான் அச்சகத்துக்குப் போய்க் கட்டுரைக்குக் கீழே ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். எழுதியவர்: தாமோதரன். விளையாடியவர்: பார்வதி. இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன செய்ய முடியும்?

பார்வதி முழுக்கப் படித்தாள்.

"நாகம் திரும்ப வந்துடிச்சே."

"ஒரு தலைதான் வச்சிருக்கேன். அது என் பங்கு."

"சரி" என்றாள். "இருந்துட்டுப் போவட்டும்."

9 ஜூன், சனி

குடை ரிப்பேருக்குக் கொடுத்திருந்தேன். வாங்கிவர ராபர்ட்சன்பேட்டை போயிருந்தேன். திரும்பும்போது பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜன்னலோரம் இருந்த ஒரு பையன் என்னையே பார்த்தான். சட்டென்று எழுந்தான்.

"சார், நீங்க டீச்சர் வூட்டுக்காரர்தானே? இப்பிடி உக்காருங்க."

பஸ்ஸில் பாதி பேர் திரும்பிப் பார்த்தார்கள். இந்த ஊரில் யாராவது என்னை யார் என்று கேட்டால் பெயர், பதவி, செக்‌ஷன் மூன்றையும் சொல்வது என் வழக்கம்.

"ஆமாம்" என்றேன். உட்கார்ந்தேன்.

பக்கத்தில் இருந்த பெரியவர் துண்டை மடித்துக்கொண்டே, "எந்த டீச்சருங்க?" என்று கேட்டார். குவார்ட்டர்ஸ் வந்து இறங்கும்வரை அவருக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன்.